இறங்காதவனின் வேகம்

1987 ஆகஸ்ட் 9 அன்று ஜப்பானைச் சேர்ந்த தகாயுகி கொய்கே ஒற்றைச் சக்கர சைக்கிளில் 100 மைல் ஓட்டி முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 44 நிமிடம் 21.84 விநாடி. கின்னஸ் புத்தகத்தில் பல ஆண்டுகள் இந்தக் கணக்கு அச்சாகிக்கொண்டே இருந்தது. நம் கணக்கில் 161 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. தென்காசிக்காரருக்குப் புரியும்படி சொன்னால், இங்கிருந்து திருநெல்வேலி போய், திரும்பி வந்து, மறுபடியும் திருநெல்வேலி போய்ச் சேருகிற தூரம்.

இதைச் சொன்னதும் டீக்கடையில் வருகிற முதல் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. "வெறும் இருபத்துநாலா தம்பி? எங்க தாத்தா டிவிஎஸ் எக்ஸெல்லுல அதுக்கு மேல போவாரே!" போவார்தான். ஆனால் தாத்தா உட்கார்ந்துகொண்டு போவார். ஒற்றைச் சக்கரத்தில் அப்படி உட்கார்ந்துவிட முடியாது. சீட்டில் இருந்தாலும் ஒரு விநாடிகூட வேலை நிற்காது. இந்த வித்தையின் மொத்தக் கஷ்டமும் சுகமும் அதில்தான் இருக்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஓடும். வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். ஒற்றைச் சக்கரத்தில் செயினும் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை. க்ராங்க் நேராக ஹப்பில் மாட்டியிருக்கும். கால் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரே ஒரு சுற்று. சர்க்கஸில் காட்டுகிற 20 அங்குல வண்டி ஒரு மிதிக்கு 1.6 மீட்டர்தான் போகும். அதனால்தான் நெடுந்தூரக்காரர்கள் 36 அங்குலச் சக்கரத்துக்குப் போனார்கள். அதில் ஒரு மிதிக்கு 2.87 மீட்டர். கொய்கேயின் வேகத்தை இந்தச் சக்கரத்தில் எட்ட வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 138 சுற்று, நூறு மைலுக்கு 56,000 சுற்று மிதிக்க வேண்டும். இறக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு காற்று வாங்கியபடி போகிற சுகம் இதில் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை கால் சுற்றியாக வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் ஃப்ளோரியன் ஷ்லும்ப் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஹப்புக்குள்ளேயே பல்சக்கரங்களை ஒளித்துவைத்து, குதிகாலால் ஒரு பொத்தானைத் தட்டினால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று ஓடும்படி செய்தார். வேகம் கூடும், உண்மைதான். ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் குதிகாலால் பொத்தானைத் தட்டும் அந்த ஒரு கணத்தில் மிதியின் பிடி நழுவி மறுபடி கிடைக்கும். விலையும் பிடி நழுவுகிற மாதிரிதான். நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் நேர்ச்சக்கரத்தோடு நின்றுகொள்கிறோம்.

க்ராங்க் நீளம்தான் நம் கையில் இருக்கும் கியர். 150 மில்லிமீட்டர் க்ராங்க் போட்டால் ஏற்றத்தில் தெம்பு கிடைக்கும், பின்மிதி மிதித்து வேகத்தைக் குறைப்பதும் சுலபம். ஆனால் கால் பெரிய வட்டம் போட வேண்டும்; நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் இடுப்பு சீட்டில் துள்ள ஆரம்பித்துவிடும். 110 போட்டால் கால் சின்ன வட்டத்தில் பறக்கும், இடுப்பு அசையாது. ஆனால் ஐந்தருவிக்குப் போகிற ஏற்றத்தில் முழங்கால் கெஞ்சும். தென்காசி–திருநெல்வேலி சாலைக்கு 110, குற்றாலத்துக்குள் சுற்றுவதற்கு 137 என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கால் நீளமானவர்களுக்கு இது மாறும்.

அதற்கும் முன்னால் சக்கரம். 36 அங்குல ரிம்மில் ஸ்போக்ஸ் நீளம்; நீளமாக இருப்பதால் சீக்கிரம் தளரும். லேசான கோட்டம் இருந்தாலும் சுற்றுக்கு ஒரு தடவை இடுப்பு ஒரு பக்கம் இழுபடும். இரண்டு சக்கர வண்டியில் இந்த இழுப்பை ஹேண்டில்பார் வாங்கிக்கொள்ளும். இதில் இடுப்புதான் ஹேண்டில்பார். எனக்குக் கோட்டம் எடுத்துத் தருகிற பஞ்சர் கடை அண்ணாச்சிக்கு வாடகை சைக்கிள் காலத்துக் கை. சக்கரத்தைக் கவட்டையில் மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு, ரிம்முக்கு நூலிழை தள்ளி ஒரு சாக்பீஸைப் பிடிப்பார். எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கே நிப்பிள் கால் திருப்பு. பிறகு இரண்டிரண்டு ஸ்போக்ஸாகச் சேர்த்து விரலால் அமுக்கிக்கொண்டே ஒரு சுற்று வருவார். தளர்ந்தது எது என்று விரல் சொல்லிவிடும். "எத்தனை மைலு ஓட்டப் போற?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலேயே மறுபடியும் ஒரு தடவை பார்ப்பார். நெடுந்தூர ஓட்டத்துக்கு முந்தின நாள் அந்தக் கடையில் செலவாகும் அரைமணி நேரம், சாலையில் எவ்வளவோ நேரத்தை மிச்சம் பிடித்துத் தரும்.

இனி சமநிலை. உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடாத பிள்ளை கிடையாது. கம்பு சாய்கிற பக்கம் கையைக் கொண்டுபோனால் அது நிற்கும். ஒற்றைச் சக்கரமும் அதே விதிதான்: உடம்பு முன்னால் சாயும், சக்கரம் ஓடிப்போய் உடம்புக்குக் கீழே நிற்கும். எவ்வளவு சாய்கிறோமோ அவ்வளவு வேகம். கால் அதற்கு மேல் சுற்ற முடியாத இடத்தில் சாய்வு ஜெயித்துவிடும். ஆள் சக்கரத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார். ஆகவே நம்முடைய உச்ச வேகம் என்று ஒன்று இருந்தால், அதற்கு நாலைந்து கிலோமீட்டர் கீழேதான் நாள் முழுக்க ஓட்ட வேண்டும். அந்த இடைவெளிதான் குழி, நாய், திடீர்க் காற்று எல்லாவற்றுக்குமான கையிருப்பு.

காற்று என்றதும் தென்காசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று புகுந்து வர நமக்கு வாய்த்த வழிகளில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் பெயர்போனவை. செங்கோட்டைக் கணவாயின் வாசலில் உட்கார்ந்திருக்கிற ஊர் நம்முடையது. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிற அதே காற்றுதான் ஆலங்குளம், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. காசி விசுவநாதர் கோவில் ராஜகோபுர வாசலில் நின்று பார்த்தவருக்கு, குறுகலான வழியில் காற்று எப்படி வலுக்கும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இரண்டு சக்கர பந்தய சைக்கிள்காரர் எதிர்காற்றில் ஹேண்டில்பார் மேல் குனிந்து ஒளிந்துகொள்வார். நமக்குக் குனிய இடமில்லை. சீட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கைப்பிடிக் கம்பியை நீட்டி வைத்துக்கொள்ளலாம். அது கொஞ்சம் உதவும். மற்றபடி, தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே நிமிர்ந்து உட்கார்ந்து மார்பைக் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். எதிர்காற்று தள்ளும்போது அதன்மேல் சாய்ந்து ஓட்டுவோம். ஆபத்து காற்று அடிக்கும்போது வராது, நிற்கும்போதுதான் வரும். பாவூர்சத்திரம் தாண்டி வெட்டவெளியில் காற்றின்மேல் சாய்ந்து போய்க்கொண்டிருப்போம். எதிரே ஒரு லாரி வரும். லாரி நம்மைக் கடக்கிற அரை விநாடிக்குக் காற்று மறைந்துவிடும். சாய்ந்திருந்த உடம்புக்குத் தாங்கல் போய்விடும். அதற்கு ஒரு நொடி முன்பே முதுகை நிமிர்த்தி, கீழிறங்கும் பெடலைத் தடுக்காமல் முன்னே விட்டுவிட வேண்டும். லாரி போனதும் காற்று திரும்ப ஓங்கி அறையும். அதற்கும் தயாராக மறுபடி சாய வேண்டும்.

இதற்கெல்லாம் கண்தான் வேலை செய்ய வேண்டும். சாலையை மட்டும் பார்த்து ஓட்டுகிறவர் தோப்பு மறைவு முடிகிற இடத்தில் விழுவார். நான் முக்குக்கு முக்கு நிற்கிற கட்சிக் கொடிகளைப் பார்ப்பேன். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளைப் பார்ப்பேன். சரம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் நூறு அடிக்கு அப்பால் காத்திருப்பது என்ன என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

காற்றும் சரிவும் இருக்கிற சாலையில் ஒருபக்க ஓட்டத்தை வைத்து வேகம் பேசக் கூடாது. தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ நூறு மீட்டர் தாழ்வு. ஆடி மாதத்தில் முதுகில் மேல்காற்றை வாங்கிக்கொண்டு கிழக்கே போனால் யாரும் ராஜாதான். அதே நாளில் திரும்பி வந்து காட்டினால்தான் கணக்கு. சாதனை முயற்சி செய்கிறவர்கள் புறப்பட்ட இடத்திலேயே முடிகிற சுற்றுப்பாதையை விரும்புவதற்கு இதுதான் காரணம்: ஏற்றமும் இறக்கமும், எதிர்காற்றும் பின்காற்றும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எனக்கு வாய்த்த சுற்று தென்காசி, மேலகரம், குற்றாலம், இலஞ்சி, மறுபடி தென்காசி. திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரத்தை ஒரே காலையில் திரும்பத் திரும்பக் கடந்தால், முதல் சுற்றில் கை காட்டிய பிள்ளைகள் மூன்றாவது சுற்றில் நமக்குத் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்கள்.

இங்கேதான் நம் ஊர்ப் பழைய வித்தை ஒன்றைப் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஊர்ப் பொட்டலில் நாலு கம்பு நட்டு, டியூப்லைட் கட்டி, கூம்பு ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, ஒரு ஆள் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பார். அதைச் சைக்கிள் சாதனை என்போம். நாள்கணக்கில் இறங்க மாட்டார். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது, பேசுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. ராத்திரி ஊர் தூங்கிய பிறகும் அவர் சுற்றுகிறாரா என்று பார்க்கவே இளவட்டங்கள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். இடையிடையே பல்லால் குடத்தைத் தூக்குவார், டியூப்லைட்டை உடம்பில் உடைப்பார். கடைசி நாளில் ரூபாய் நோட்டுகளைச் சட்டையில் குத்தி, மாலை போட்டு இறக்குவார்கள். அவர் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று யாரும் கேட்டதில்லை. கால் தரையில் பட்டதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

கடிகாரத்தையும் கிலோமீட்டரையும் வைத்து அளக்கிற கின்னஸ் உலகமும், கால் தரையில் படாததை வைத்து அளந்த நம் பொட்டலும் வேறு வேறு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நெடுந்தூரம் ஓட்ட ஓட்ட இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தது. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஓட்டி, மணிக்குப் பத்து நிமிடம் இறங்கி நிற்கிறவரின் சராசரி 16.7. மணிக்கு 18.5-ல் ஓட்டி, ஒரே ஒரு நிமிடம் நிற்கிறவரின் சராசரி 18.2. வேகமாக மிதித்தவர் தோற்றுப்போகிறார். பொட்டலில் சுற்றிய அந்த மனிதருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஜெயிக்கிற உடம்பு அவருக்கு இருந்தது.

2007 செப்டம்பர் 29, 30 தேதிகளில் வேல்ஸ் நாட்டின் அபரிஸ்ட்வித்தில் சாம் வேக்லிங் ஒற்றைச் சக்கரத்தில் 24 மணி நேரத்தில் 453.6 கிலோமீட்டர் ஓட்டினார். சராசரி மணிக்கு 18.9. இந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒரு நாளின் 1,440 நிமிடங்களில் எத்தனை நிமிடம் அவர் சக்கரத்தின் மேலேயே இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்க்கட்டும். தூரத்தின் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்கப் பாதிரியார் லார்ஸ் கிளவுசன் 2002-ல் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களையும் தொட்டு 9,136 மைல், அதாவது 14,700 கிலோமீட்டர் ஓட்டினார். இங்கிலாந்தின் எட் பிராட் 2015-ல் 36 அங்குலச் சக்கரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018-ல் வீடு திரும்பினார். இவர்களுக்கு நேரம் ஒரு பொருட்டில்லை. நேரத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தான் ஒவ்வொரு தடவை இறங்குவதும் வலிக்கும்.

நினைத்து இறங்குவதைவிட நினைக்காமல் இறங்குவது இன்னும் செலவு. 36 அங்குல வண்டியில் மறுபடி ஏறுவது லேசில்லை. பெடலைச் சரியான கோணத்தில் நிறுத்தி, சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு எம்பு எம்பி, சக்கரம் உருளத் தொடங்கும் அந்தக் கணத்திலேயே சீட்டில் அமர்ந்து மிதிக்க வேண்டும். விடியற்காலையில் முதல் எம்பில் ஏறிவிடலாம். அறுபது கிலோமீட்டருக்குப் பிறகு தொடை எம்பாது. மைல்கல்லையோ வேலிக்கல்லையோ தேடிப் பிடித்து ஏற வேண்டியிருக்கும். போன நிமிடங்கள் போனவைதான். அதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால் கையிருப்பு குறையும்; அடுத்த விழுகை நெருங்கும். ஆகவே விழுந்து எழுந்தவர் முதல் ஐந்து நிமிடம் முன்னைவிட மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். மனசு இதற்கு ஒத்துக்கொள்ளவே செய்யாது. பயிற்சியில் பாதி, மனசை இதற்குப் பழக்குவதுதான்.

ஆளை இறக்கிவிடுவது பெரும்பாலும் காலில்லை, சீட். ஹேண்டில்பாரில் கையை ஊன்ற வழியில்லாததால் உடம்பின் பாரம் அவ்வளவும் ஒரு சாண் சீட்டில்தான். ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும், இரண்டு மணி நேரத்தில் தொடையிடுக்கு உரசி எரியும். தையல் உறுத்தாத பேட் வைத்த நிக்கர், கிளம்பும் முன் தாராளமாக வாசலின், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் நின்று நாலு சுற்று மிதித்து ரத்தத்தை ஓடவிடுவது: இவ்வளவுதான் வைத்தியம். நின்று மிதிக்கும்போது சக்கரம் இடம் வலமாக நெளியும்; சாலை காலியாக இருக்கிற இடம் பார்த்துச் செய்ய வேண்டும்.

கை இரண்டும் சும்மா இருப்பதில் ஒரு வசதி உண்டு, ஓடிக்கொண்டே சாப்பிடலாம். வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட மோர் எனக்கு ஒத்துக்கொள்கிறது. பதநீர் கிடைக்கிற காலத்தில் வேறெதுவும் வேண்டாம். சாலையோரம் நண்பன் நீட்டுகிற பாட்டிலை வாங்குவதையும் பழக வேண்டும். பாட்டில் கைக்கு வந்த நொடியில் உடம்பு அந்தப் பக்கம் அரைக்கிலோ கனத்துவிடும். இரண்டு சக்கர வண்டியில் தெரியாத இந்த அரைக்கிலோ இதில் ஆளைத் திருப்பிவிடும். நீட்டுகிறவர் நம்மோடு நாலடி ஓடிவந்து கொடுத்தால் நல்லது.

எந்த மாதம் என்பதும் பெரிய கேள்வி. ஆனியிலிருந்து ஆவணி வரை காற்று, சாரல், அருவிக்கு வருகிற வேன்கள். ஐப்பசியில் வடகிழக்கு மழை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ராப்பகலாக இந்தச் சாலைகளை நிறைக்கும். மிஞ்சுவது மாசி. காற்று ஓய்ந்திருக்கும், அதிகாலை குளிர்ந்திருக்கும். நாலரைக்குப் புறப்பட்டால் வெயில் உறைக்கும் முன் நூறு கிலோமீட்டரை முடிக்கப் பார்க்கலாம். ஆனால் மாசியில் பிசான அறுவடை வந்துவிடும். நெல்லும் உளுந்தும் தார்ச்சாலையில் காயும். வண்டிகள் மிதித்துப் போகட்டும் என்று உளுந்துக் கொடியைப் பரப்பிவிடுவார்கள். பெரிய வண்டிக்கு அது ஒன்றுமில்லை. ஒற்றைச் சக்கரத்தில் கொடி ஹப்பில் சுற்றிக்கொண்டால் அதோடு சரி. விவசாயியிடம் போய்ச் சண்டை போட முடியாது, சாலை அவருக்கும்தான் களம். முந்தின நாள் சாயங்காலமே போய்ப் பார்த்து, "அண்ணாச்சி, நாளைக்கு விடியக்காலம் இந்த வழியா வருவேன், ஓரமா ரெண்டடி விட்டிருங்க" என்று சொல்லி வைத்துவிட்டால் போதும். இரண்டடி கேட்டால் நாலடி விட்டு, நம்மைப் பார்க்க வேறு நிற்பார்கள்.

பிறகு சாட்சி. ஓட்டியவர் சொல்லுக்குச் சாதனை உலகத்தில் மதிப்பில்லை. வெளியாட்களின் சாட்சியம், வீடியோ, ஜிபிஎஸ் பதிவு எல்லாம் வேண்டும். பொட்டலில் சுற்றியவருக்கு ஊரே ராத்திரி பகலாகச் சாட்சி நின்றது. நமக்குத் தூக்கத்தைத் தொலைத்து, நோட்டுப் புத்தகத்தில் சுற்றுக்குச் சுற்று நேரம் குறிக்கச் சம்மதிக்கிற நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் கிடைக்காதவர் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வீட்டில் சொல்லிக்கொள்ளத்தான் ஆகும்.

ஒற்றைச் சக்கரம் நம் பக்கத்துக்கு சர்க்கஸ் கூடாரத்தோடு வந்தது. தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து அதை வேடிக்கை வண்டியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற வண்டியாகப் பார்க்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும். கற்றுக்கொள்ள வருகிற பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, டாப் ஸ்பீடு எவ்வளவு?" என்றுதான். 20 அங்குல வண்டியைக் கொடுத்து, சுவரைப் பிடித்து ஏறச் சொல்லி, ஒரு மணி நேரம் காலைத் தரையில் வைக்காமல் மைதானத்தைச் சுற்றிக் காட்டு என்பேன். அது முடிந்தால் இரண்டு மணி நேரம். அதன் பிறகுதான் பெரிய சக்கரம், அதற்கும் பிறகுதான் ஸ்டாப்வாட்ச். என் சொந்த இலக்கும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. கொய்கேயின் 24 என் முழங்காலுக்கு எட்டாது. ஒரு மாசிக் காலையில் நூறு கிலோமீட்டரை ஒரு தடவைகூட இறங்காமல் ஓட்டி முடிக்க வேண்டும். அப்போது கடிகாரம் எந்த எண்ணைக் காட்டினாலும், அதுதான் அந்தச் சாலையில் எனக்கு உரிய வேகம்.